வெந்நீர் வரவில்லையா, வெந்நீர் ஆகவில்லையா?

மார்கழி பிறந்துவிட்டால் தலைநகர்த் தமிழர் இல்லங்களில் இரண்டு குறைகள் தவறாமல் எழும். கீசர் ஏன் இன்னும் சூடேறவில்லை என்பது ஒன்று. பாத்திரம் துலக்க வரும் பெண் இன்று ஏன் வரவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றாய்ப் பிணைந்த ஒரு முறையீடு இத்திங்கள் நமக்கு வந்த மடல்களுள் மூன்றில் காணப்படுகின்றது. 2020-ஆம் ஆண்டுப் பொது முடக்கத்தின்போது வேலைக்கு வருவோர் வர இயலாமற்போகவே, பாத்திரம் கழுவும் இயந்திரத்தை நம்மவர் பலர் வாங்கினர். அவ்வியந்திரம் வெந்நீரின்றிக் கழுவுகின்றது என்பதே முறையீடு.

மூன்று மடல்களுள் மயூர் விஹாரிலிருந்து ஒரு சகோதரி விடுத்துள்ளது விரிவானது. இயந்திரம் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றனவாம். ஒரு மாதமாக நெய்ப்பிசுக்குப் போவதில்லை. சோப்பு வில்லை பாதி கரைந்தும் கரையாமலும் கிண்ணத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. ஓட்டம் முடிந்து கதவைத் திறந்தால் தட்டுகள் ஈரமாகவும் சில்லென்றும் இருக்கின்றன. அமெரிக்காவில் வாழும் அவருடைய மைத்துனர், “அண்ணி, முதலில் தொட்டிக் குழாயில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அது சூடாக வந்தபின் இயந்திரத்தை ஓட்டுங்கள்” என்று யோசனை கூறினாராம். இங்கே சமையலறைக் குழாயில் வெந்நீரே இல்லை. பிளம்பரை அழைத்தால், குளியலறைக் கீசரிலிருந்து சுவரை உடைத்துத் தனிக் குழாய் இழுக்க வேண்டும் என்கிறார். வீடோ வாடகை வீடு. இதற்கிடையில், எழுபதைக் கடந்தவரும் விரல் மூட்டுகளில் வலியுடையவருமான மாமியார், மருத்துவர் விலக்கியும் கேளாமல், மற்றவர் எழுமுன் எழுந்து குளிர்ந்த நீரில் எல்லாப் பாத்திரங்களையும் துலக்கி வைத்துவிடுகிறாராம். “நான் எழுந்து வருவதற்குள் அடுக்களை பளிச்சென்றிருக்கிறது, அம்மாவின் விரல்கள் சிவந்திருக்கின்றன. சுவரை உடைக்கலாமா, கூடாதா என்று மட்டும் சொல்லுங்கள்” என்று மடல் முடிகின்றது.

சுவரை உடைக்க வேண்டா. நம் நாட்டில் விற்கப்படும் இவ்வகை இயந்திரங்களுள் பெரும்பாலானவை குளிர்ந்த நீரையே உள்ளே வாங்கி, தம் வயிற்றிலுள்ள மின்வெப்பி கொண்டு தாமே சூடாக்கிக்கொள்பவை. அவற்றிற்கு வெந்நீர் ‘வருவது’ என்பது இல்லை. வெந்நீர் ‘ஆவது’ ஒன்றே உண்டு. ஆகவே குறை கீசரிடத்திலோ குழாயிடத்திலோ இல்லை.

மைத்துனர் கூறியதும் பிழையன்று. அவர் இருக்கும் நாட்டிற்கு அது பொருந்தும். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட்டு. அவ்வளவில் இயங்கும் இயந்திரத்தின் மின்வெப்பி பெரும்பாலும் ஆயிரம் வாட் அளவினதாகவோ அதற்கும் குறைந்ததாகவோ இருக்கும். அதனால், வீடு முழுமைக்கும் பொதுவான கொதிகலத்திலிருந்து ஏறத்தாழ 49 டிகிரி வெந்நீர் குழாய் வழியே வந்து சேரும் என்னும் நம்பிக்கையின்மீதே அங்குள்ள இயந்திரங்கள் அமைக்கப்பட்டன. அக்குழாயில் முன்னரே நின்று ஆறிப்போன நீரை வெளியேற்றுதற்காகவே, தொட்டிக் குழாயைச் சற்றுத் திறந்துவிடும்படி அங்கே சொல்வது. இவ்வியந்திரத்திற்கு 1886-இல் காப்புரிமை பெற்ற ஜோசபின் காக்ரன் என்னும் அமெரிக்க மாதரசி, 1893-இல் சிகாகோ பொருட்காட்சியில் அதைக் காட்டியபோதும் அது வெந்நீரை எதிர்பார்க்கும் கருவியாகவே இருந்தது. நம் சந்தைக்கு வந்தவையோ ஐரோப்பிய மரபினவை. 230 வோல்ட்டு மின்சாரத்தில் இரண்டாயிரம் வாட் அளவுக்கு வெப்பி வைத்துக்கொள்ள அவற்றால் இயலும். கைப்பேசியில் காணும் ஆங்கிலச் செயல்முறைப் படங்களுள் பல அமெரிக்க வீடுகளில் எடுக்கப்பட்டவை என்பதை நம்மவர் நினைவில் வைத்தல் நன்று.

இனி, நீர் உண்மையாகவே சூடாகின்றதா இல்லையா என்பதை எவ்வாறு அறிவது? கதவின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்ப்பதால் பயனில்லை. நடுவே வெப்பம் தாங்கும் போர்வை இருக்கின்றது. ஓட்டத்தின் இடையே நிறுத்திக் கதவைச் சிறிது திறந்தால் ஆவி வருகின்றதா என்று பார்க்கலாம்; ஆனால் முகத்தைக் குனிந்து நீட்டலாகாது, ஆவி சுட்டுவிடும். இவற்றினும் நம்பத்தக்க சாட்சி ஒருவர் வீட்டு வாயிலிலேயே இருக்கிறார். அவர் மின்சார மீட்டர்.

மின்னணு மீட்டர்களில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஓர் அலகு மின்சாரத்திற்கு அது எத்தனை முறை மினுக்கும் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சாகியிருக்கும். அந்த எண் 3200 என்று கொள்வோம். வீட்டிலுள்ள கீசர், அறைவெப்பி, குளிர்பதனப் பெட்டி முதலியவற்றைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, பாத்திர இயந்திரத்தை மட்டும் மிகுந்த சூட்டுக்குரிய ஓட்டத்தில் விடுங்கள். பம்பு மட்டும் ஓடும்போது நூறு வாட் அளவே செலவாகும். விளக்கு பத்துப் பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை சோம்பலாகக் கண் சிமிட்டும். மின்வெப்பி வேலை செய்யத் தொடங்கிய கணமே நொடிக்கு ஏறத்தாழ இருமுறை படபடவென அடிக்கும். இந்தப் படபடப்புச் சில நிமிடங்களாவது நீடிக்க வேண்டும். சில மீட்டர்களில் அப்போதைய சுமையே கிலோவாட் கணக்கில் எண்ணாகத் தோன்றுவதும் உண்டு. அங்கே இரண்டையொட்டிய எண் தெரியவேண்டும். முதல் முக்கால் மணி நேரத்தில் ஒருமுறையேனும் விளக்கு விரைந்து அடிக்கவில்லையாயின், மின்வெப்பிக்கு மின்சாரமே போகவில்லை என்று துணிந்து கூறலாம். மீட்டர் கீழ்த்தளத்தில் இருக்கும் அடுக்குமாடி வீட்டார், பள்ளி செல்லும் பிள்ளையொன்றைக் கடிகாரத்துடன் அங்கே நிறுத்தலாம். பிள்ளைகள் இவ்வேலையை விருப்பத்துடனேயே செய்வர்.

விளக்கு அடிக்கவில்லை என்றதும் மின்வெப்பி எரிந்துபோயிற்று என்று முடிவு கட்டிவிடலாகாது. இயந்திரம் ஓர் எச்சரிக்கையுள்ள சமையற்காரனைப் போன்றது. பாத்திரத்தில் நீரில்லாமல் அடுப்பை ஏற்றாது. போதிய நீர் நிறைந்து, அது சீராகச் சுழல்கின்றது என்று அழுத்தம் உணரும் உறுப்பு தெரிவித்த பின்னரே வெப்பிக்கு மின்சாரம் செல்லும். நீர் குறைந்தால் சூடும் இல்லை. பழுது பார்ப்போர் பலர் சென்று காணும் வீடுகளில் உள்ளபடி பழுதென்று ஒன்றும் இராமல், இக்காரணமே இருப்பதுண்டு.

நீர் எவ்வாறு குறைகின்றது? ஒருமுறை நிரப்புகையில் இயந்திரம் வாங்கும் நீர் மூன்று அல்லது நான்கு லிட்டர்தான். அதையே திரும்பத் திரும்பச் சுழற்றித் தெளிக்கின்றது. நம் அடுக்களையிலிருந்து உள்ளே போகும் வாணலியும் உருளிவடிவப் பாத்திரங்களும் சற்றே நிமிர்ந்து அமைந்துவிட்டால், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் நீரைத் தனக்குள் ஏந்திக்கொண்டு நின்றுவிடும். பம்பிற்கு எஞ்சுவது பாதி. பம்பு காற்றைக் குடித்துக் ‘கடகட’ என்று ஒலிக்கும், வெப்பி அணைந்துவிடும். ஐரோப்பியரின் தட்டையான பீங்கான் தட்டுகளுக்கென எழுந்த கருவி நம் வாணலியின் ஆழத்தை அறியாது. எல்லாவற்றையும் நன்கு கவிழ்த்து, சாய்வாக வைத்தல் வேண்டும்.

அடுத்தது வடிகட்டி. அடித்தளத்தில் திருகினால் கழலும் அவ்வுறுப்பில் கறிவேப்பிலை, கடுகு, மிளகாய்த் தோல், சோற்றுப் பருக்கை ஆகியவை சேர்ந்து களிம்பாகிவிடுகின்றன. கழுவிய நீர் மீண்டும் பம்பிற்கு வந்துசேர வழியில்லை. வாரம் ஒருமுறை கழற்றிப் பழைய பல் தூரிகையால் தேய்த்தால் போதும். கைகழுவும் பாத்திர சோப்பு நீரை இயந்திரத்தில் ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் இருக்கின்றது. அது நுரைத்துப் பொங்கும். நுரையைப் பம்பால் தள்ள இயலாது. அங்கும் வெப்பி ஓய்ந்துவிடும்.

நீர் உள்ளே வரும் வழியிலும் தடையிருக்கலாம். குழாயின் திருகு பாதியே திறந்திருத்தல், இயந்திரத்துடன் குழாய் சேரும் இடத்திலுள்ள சிறு வலையில் மண் அடைத்திருத்தல் ஆகிய இவற்றை எவரும் பார்க்கலாம். மேல்மாடியில் குடியிருப்போருக்கு மற்றுமொரு தொல்லை. பத்து மீட்டர் உயர நீர் ஒரு பார் அழுத்தம் தரும். பல இயந்திரங்கள் அரை பார் அளவாவது கேட்கின்றன. அதற்கு மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் ஐந்து மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். தொட்டிக்கு நேர்கீழே இருக்கும் வீட்டில் அது கிடைப்பதரிது. அத்தகைய வீட்டார் இயந்திரத்தின் கையேட்டில் குறிக்கப்பட்ட அழுத்தத்தைப் பார்த்து, வேண்டுமாயின் சிறு பம்பு ஒன்று பொருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

நீரெல்லாம் சரியாயிருக்கின்றது என்றால், எந்த ஓட்டத்தைத் தேர்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘புரோகிராம்’ என்று பொறித்துள்ள அவ்வோட்டங்களுள், முன் அலசல் என்பது முற்றும் குளிர்ந்த நீரில் நடப்பது; அதில் சூட்டை எதிர்பார்ப்பது வீண். கண்ணாடிக் கோப்பைகளுக்குரியது 40 டிகிரியை ஒட்டியது. சிக்கன ஓட்டம் 50 டிகிரி அளவில் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் மெல்ல ஓடுவது. எண்ணெய்ச் சட்டிகளுக்கு உரியது 65, 70 டிகிரிக்குச் செல்லும் தீவிர ஓட்டமே. கோடையில் சிக்கன ஓட்டத்தில் பளிச்சென்றிருந்த பாத்திரங்கள் மார்கழியில் பிசுபிசுப்பதற்கு இயந்திரம் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நெய் உறைந்து கல்லாகும் குளிர் இது. தேங்காயெண்ணெயும் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கழுவும் நீர் போதிய சூட்டிற்கு ஏறாவிடில் இவை இளகிப் பிரிய மாட்டா.

குளிர்காலத்தில் நேரம் எவ்வளவு மிகுகின்றது என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். ஆனித் திங்களில் மாடித் தொட்டி நீர் 40 டிகிரியில் வருகின்றது. நான்கு லிட்டரை 62 டிகிரிக்கு உயர்த்த இரண்டாயிரம் வாட் வெப்பிக்கு மூன்று நிமிடம் போதும். தையில் அதே நீர் 12 டிகிரியில் வந்தால் ஏழு நிமிடம் வேண்டும். இது நீருக்கு மட்டும். உள்ளிருக்கும் எஃகுத் தொட்டியும் பாத்திரங்களும் தம் பங்கு வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்வதால் உண்மையில் இன்னும் நீளும்.

மின்னழுத்தம் தாழ்ந்தால் நிலைமை மேலும் மோசமாகும். வெப்பியின் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறைவது. 230 வோல்ட்டில் இரண்டாயிரம் வாட் தருவது, 180 வோல்ட்டில் ஏறத்தாழ 1225 வாட்தான் தரும். ஏழு நிமிட வேலை பதினொரு நிமிடத்திற்கு மேலாகும். குளிர்காலப் பின்மாலையில் தெரு முழுதும் கீசரும் அறைவெப்பியும் எரியும் வேளையைத் தவிர்த்து, நண்பகலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இக்குறை உண்டா என்பது வெளிப்பட்டுவிடும். இயந்திரத்தை 16 ஆம்பியர் பிளக்கிலேயே நேராக இணைக்க வேண்டும். மெல்லிய நீட்டிப்புக் கம்பியிலும் 6 ஆம்பியர் பிளக்கிலும் இணைத்து ஓட்டும் வீடுகளில் சூடேறுவது இயந்திரமன்று, கம்பிதான். அது தீவிபத்திற்கு இடம் தருவது. உடனே மாற்றிவிட வேண்டும்.

தலைநகரைச் சூழ்ந்த ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் புழங்குவோருக்கு இன்னொன்று கூறுவோம். அந்நீரின் சுண்ணாம்பு, கீசரில் படிவது போலவே இங்கும் மின்வெப்பியின்மேல் ஓடாகப் படிகின்றது. ஓடு படிந்த வெப்பி நீரைச் சூடாக்குவதற்குள் தானே அளவுமீறிச் சூடாகி எரிந்துபோகும். இதைத் தடுக்கவே இயந்திரத்தினுள் நீரை மென்மையாக்கும் பகுதியும், அதற்கு உப்பிடும் குழியும் உள்ளன. அவ்வுப்பு தீர்ந்ததை அறிவிக்கும் விளக்கு எரிந்தும் வாரக்கணக்கில் கண்டுகொள்ளாத வீடுகளே மிகுதி. சாம்பாருக்கு இடும் தூளுப்பு இதற்கு ஆகாது. அது இறுகிக் குழியை அடைத்துவிடும். இதற்கென விற்கும் பருவெட்டான உப்பையே இடல் வேண்டும். அத்துடன், நீரின் கடினத்தன்மைக்கேற்ப இயந்திரத்தில் அளவைக் குறிக்கும் அமைப்பும் உண்டு. பொருத்த வந்தவர் அதை எந்த எண்ணில் விட்டுச் சென்றாரோ அதே எண்ணில், ஊர் மாறி வீடு மாறியும், அது கிடக்கின்றது. வேறிடத்திற்குக் குடிபெயர்ந்தோர் இதனை மறவாமல் திருத்துக.

இவ்வளவும் பார்த்தும் மீட்டர் விளக்கு படபடக்கவில்லையாயின், பழுது பார்ப்பவரை அழைக்கும் வேளை வந்துவிட்டது. அடிப்பலகையைத் தாமே கழற்ற எவரும் முற்பட வேண்டா. நீரும் 230 வோல்ட்டும் ஒருங்கே இருக்கும் இடம் அது.

அவரிடம் என்ன சொல்வது என்பதில்தான் நம்மவர் பலர் இடறுகின்றனர். “கரம் பானீ நஹீ ஆ ரஹா” என்று தொலைபேசியில் கூறினால், வெந்நீர் வரவில்லை என்றே அவர் பொருள் கொள்வார். குழாயையும் கீசரையும் நோக்கியே அவர் கண் செல்லும். பிளம்பரை அழையுங்கள் என்று கூறிப் போய்விடவும் கூடும். மயூர் விஹார்ச் சகோதரி வீட்டில் சுவரை உடைக்கும் பேச்சு எழுந்ததும் இவ்வாறே இருக்கலாம் என்பது நம் ஊகம். “மஷீன் பானீ கரம் நஹீ கர் ரஹீ” என்று சொல்லுங்கள். இயந்திரம் நீரைச் சூடாக்கவில்லை என்னும் இவ்வொரு வாக்கியம், அவரை உரிய கருவியுடன் வரச்செய்யும்.

வந்தவர் முதலில் செய்ய வேண்டியது, மின்வெப்பியின் தடையை ஓம் மானியால் அளப்பது. 230 வோல்ட்டில் இரண்டாயிரம் வாட் தரும் வெப்பிக்கு 26 ஓம் அளவும், 1800 வாட் உடையதற்கு 29 ஓம் அளவும் காட்டவேண்டும். முள் அசையாமலோ எண் தோன்றாமலோ இருந்தால் வெப்பி அறுந்துவிட்டது. அளவு சரியாயிருந்தால் வெப்பி குற்றமற்றது. குறை அழுத்தம் உணரும் உறுப்பிலோ, வெப்பம் உணரும் உறுப்பிலோ, கட்டுப்படுத்தும் மின்பலகையிலோ இருக்கும். வெப்பம் உணரும் உறுப்பு பொய் கூறினால், நீர் முன்னரே சூடாகிவிட்டது என்று நம்பி இயந்திரம் வாளாவிருந்துவிடும். அது விலை குறைந்த உறுப்பு. மின்பலகையில் கரப்பான் பூச்சி குடிபுகுந்து கெடுப்பதும் நம் ஊர்களில் புதிதன்று. இப்போது வரும் பல இயந்திரங்களில் வெப்பியும் பம்பும் ஒரே உறுப்பாக இணைந்திருத்தலால், அதை மாற்றுவது செலவு மிக்கது. ஆதலின் தடையை அளந்து காட்டாமல் ‘வெப்பி போய்விட்டது’ என்று வாய்ச்சொல்லாகக் கூறுபவரிடம், அளந்து காட்டுங்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டா. மாற்றினால் பழைய உறுப்பைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.

கீசர் குழாயை இணைப்பது பற்றியும் ஒன்று கூறிவிடுவோம். சில இயந்திரங்கள் 60 டிகிரி வரை வெந்நீரை ஏற்கும் என்று அவற்றின் கையேடே கூறுகின்றது, அவற்றிற்கு இணைக்கலாம். ஆனால் நம் கீசர்கள் 60-ஐத் தாண்டிச் செல்வதும் உண்டு. அது குழாயையும் அடைப்பான்களையும் கெடுக்கும். மேலும், குளியலறையிலிருந்து பத்து மீட்டர் குழாய் இழுத்தால் அதனுள் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லிட்டர் நீர் ஆறி நின்றுகொண்டிருக்கும். இயந்திரம் வாங்குவதே நான்கு லிட்டர் அளவு. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு பச்சைத் தண்ணீராகவே போய்ச் சேரும். சுவரை உடைத்துப் பெறும் பயன் இவ்வளவே.

சகோதரி இன்றே வாணலிகளைக் கவிழ்த்து, வடிகட்டியைக் கழுவி, நண்பகலில் தீவிர ஓட்டத்தில் விட்டு மீட்டரைப் பார்க்கட்டும். பழுது பார்ப்பவர் வந்துபோகும்வரை மாமியாருக்கென ஒரு வாளி வெந்நீரை இரவிலேயே வெப்பம் காக்கும் குடுவைகளில் நிரப்பி அடுக்களையில் வைத்துவிடலாம். வேண்டா என்று சொன்னால் கேட்பவராக அவர் மடலில் தெரியவில்லை.

உப்பின் அளவையும், பித்தளை, அலுமினியப் பாத்திரங்களை இயந்திரத்தில் இடலாமா என்பதையும் வினவியுள்ள மற்ற இரு அன்பர்களுக்கு அடுத்த திங்கள் விடை எழுதுவோம்.